கடல் அலையில் சவாரி செய்த வீரர்

கடல் அலையின் மேல் ஒரு மனிதன் நிற்க முடியுமா?

முடியும் என்று உலகத்துக்குக் காட்டியவர் டியூக் கஹானமோக்கு. பசிபிக் மாகடலின் நடுவே உள்ள ஹவாய்த் தீவுகளில் பிறந்தவர். மரப் பலகை ஒன்றின் மேல் நிமிர்ந்து நிற்பார். வீட்டுக் கூரை உயரத்துக்கு எழுந்து வரும் அலையில், அம்பு போலக் கரையை நோக்கிப் பாய்ந்து வருவார். குதிரைச் சவாரி போல இது அலைச் சவாரி!

ஒலிம்பிக் நீச்சல் பந்தயங்களில் 3 தங்கப் பதக்கங்களும் 2 வெள்ளிப் பதக்கங்களும் வென்றவர் அவர். ஆனால் பதக்கங்களைவிடப் பெரிய செயல் ஒன்றை அந்த மரப் பலகையைக் கொண்டே அவர் செய்தார். சாகக் கிடந்த 8 பேரைக் கடலிலிருந்து மீட்டார்.

அவருடைய வரலாறு இது.

பிரபு அல்ல, போலீஸ்காரர் மகன்!

டியூக் என்றால் ஆங்கிலத்தில் கோமகன் என்று பொருள். ஆனால் நம் கதாநாயகர் கோமகன் அல்ல. டியூக் என்பது அவருடைய பெயர்தான்.

1869-ம் ஆண்டில் விக்டோரியா மகாராணியின் மகனான எடின்பரோ கோமகன் ஹவாய்த் தீவுகளுக்கு வந்தார். அந்த வருகையின் நினைவாக அங்கே ஒரு குழந்தைக்கு டியூக் என்று பெயர் வைத்தார்கள். அந்தக் குழந்தை வளர்ந்து போலீஸ்காரர் ஆயிற்று. 1890-ம் ஆண்டு ஆகஸ்டு 24-ந் தேதி அவருக்கு மூத்த மகன் பிறந்தான். தன் பெயரையே மகனுக்கும் வைத்தார்.

ஊர் ஹொனலூலு. டியூக்குக்குப் பின் 5 தம்பிகளும் 3 தங்கைகளும் பிறந்தார்கள். பெரிய குடும்பம். சம்பளமோ சிறிது. வைகிகி என்ற கடற்கரைப் பகுதியில் குடியிருந்தார்கள். வாசலில் இறங்கினால் கடல்.

அப்போது ஹவாய் தனி நாடாக இருந்தது. அதற்கென்று ஓர் அரசி இருந்தாள். 1893-ல் அங்கே குடியேறியிருந்த வெள்ளைக்காரர்கள் கிளர்ச்சி செய்து அரசியைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். 1898-ல் ஹவாய் அமெரிக்காவோடு சேர்க்கப்பட்டது. டியூக்குக்கு 8 வயது நிறையும் முன்பே அவன் பிறந்த நாட்டின் கொடி மாறிவிட்டது.

கொடி மட்டுமா மாறியது? பழக்கவழக்கங்களும் மாறின. அலைச் சவாரி ஹவாய் மக்களின் பழம் பெருமை. அரசரும் செய்வார், குடிமகனும் செய்வார், பெண்களும் செய்வார்கள். வெளிநாட்டார் வந்து குடியேறினார்கள். அவர்களோடு புதிய நோய்களும் வந்தன. மக்கள் கூட்டம் கூட்டமாக மாண்டார்கள். எஞ்சியவர்களைக் கரும்புத் தோட்ட வேலைகள் இழுத்துக் கொண்டன. உடம்பில் ஆடை குறைவாக அணிந்து கடலில் விளையாடுவது நாகரிகம் அல்ல என்று பாதிரிமார்கள் கருதினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் அலைச் சவாரி செய்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலை வந்தது.

அந்தச் சிலரைப் பார்த்துத்தான் சிறுவன் டியூக் கற்றுக்கொண்டான். படிப்பு நீடிக்கவில்லை. குடும்பத்துக்கு உதவுவதற்காகப் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டான். கிடைத்த வேலையைச் செய்தான். மீதி நேரமெல்லாம் கடலில் கழிந்தது.

பார் மேல் உடையும் அலை

எல்லா அலையும் ஒரே அலை அல்ல. இதை நாஞ்சில் நாட்டுக் கடலோரத்து மக்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கடலுக்கு அடியில் மறைந்து கிடக்கும் பாறைத் திட்டை நம் மீனவர்கள் பார் என்கிறார்கள். ஆழக் கடலில் அலை அமைதியாக வரும். படகைத் தூக்கி இறக்கிவிட்டுப் போய்விடும். பாரை நெருங்கும்போதுதான் அதன் குணம் மாறும். அடியில் ஆழம் குறைகிறது. அலையின் கீழ்ப்பகுதி தரையில் உரசி வேகம் குறைகிறது. பின்னால் வரும் தண்ணீர் நிற்குமா? அது மேலே மேலே எழும்பும். ஆழம் ஏறக்குறைய அலையின் உயரத்துக்குச் சமமாகக் குறையும்போது, உச்சி முன்னால் சாய்ந்து உடைந்து விழும்.

மணற்கரையில் அலை எங்கே உடையும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மணல் இடம் மாறிக்கொண்டே இருக்கும். பாறை இடம் மாறாது. அதனால் பாரின் மேல் அலை ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி உடையும். கரை மூக்குப் போலக் கடலுக்குள் நீண்டிருந்தால் இன்னும் விசேஷம். அந்த முனையில் முதலில் உடைந்து, பிறகு பாயைச் சுருட்டுவது போல வரிசையாக உடைந்துகொண்டே வரும். உடைந்த நுரைக்கும் உடையாத அலைக்கும் நடுவே ஒரு சரிவு இருக்கும். அந்தச் சரிவில்தான் சவாரி!

ஆனால் இது வல்லவர்களுக்கு மட்டும் உரிய இடம். மணலில் விழுந்தால் சிராய்ப்போடு போகும். பாரில் விழுந்தால் எலும்பு முறியும். தலையில் அடிபட்டால் உயிரே போகும். ஒரு அலை அமுக்கியதும் மூச்சுவிடத் தலையைத் தூக்கினால், அதற்குள் அடுத்த அலை வந்து நிற்கும்.

முட்டத்துப் பாறைகளில் ஆனி, ஆடி மாதத்து அலைகள் மோதுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். குளச்சலிலும் கடியபட்டணத்திலும் கட்டுமரம் ஓட்டிய முதியவர்களைக் கேட்டால் இன்னொன்றும் சொல்வார்கள். கரையை விட்டுக் கிளம்பும் முன் சிறிது நேரம் கடலைப் பார்த்து நிற்க வேண்டும். அலைகள் ஒன்றுபோல வருவதில்லை. பெரிய அலைகள் மூன்று, நான்கு சேர்ந்தாற்போல் வரும். பிறகு கொஞ்சம் ஓய்வு இருக்கும். அந்த ஓய்வு பார்த்துத்தான் மரத்தைத் தள்ள வேண்டும்.

ஹவாய்ச் சிறுவன் டியூக் கற்றுக்கொண்ட முதல் பாடமும் இதுதான். கடலைப் பார்க்க வேண்டும், காத்திருக்க வேண்டும், எல்லா அலைக்கும் ஆசைப்படக் கூடாது.

நம்ப மறுத்தார்கள்

வாலிபனான டியூக் ஆறடிக்கு மேல் உயரம். அகன்ற தோள்கள். துடுப்புப் போன்ற கைகள், பாதங்கள். கடற்கரையில் கூடும் நண்பர்கள் சேர்ந்து ஹூய் நலு என்று ஒரு சங்கம் வைத்தார்கள். அலைச் சங்கம் என்று பொருள்.

1911-ம் ஆண்டு ஆகஸ்டு 11-ந் தேதி ஹொனலூலு துறைமுகத்தில் நீச்சல் பந்தயம் நடந்தது. அங்கே நீச்சல் குளம் கிடையாது. கப்பல் துறையில், உப்பு நீரில்தான் பந்தயம். 100 கெஜத் தூரத்தை டியூக் 55.4 விநாடியில் நீந்தி முடித்தார். அப்போதைய உலக சாதனையைவிட 4 விநாடிக்கு மேல் குறைவு!

பார்த்தவர்கள் திகைத்தார்கள். தூரத்தை மறுபடி அளந்தார்கள். கடிகாரங்களைச் சரிபார்த்தார்கள். எல்லாம் சரி. செய்தி அமெரிக்காவில் உள்ள விளையாட்டுச் சங்கத்துக்குப் போயிற்று.

அங்கே சிரித்தார்கள். ஹவாயில் கடிகாரத்துக்குப் பதில் அலாரக் கடிகாரம் வைத்துப் பார்த்தார்களா என்று கேலி செய்தார்கள். நீரோட்டம் தள்ளிக்கொண்டு போயிருக்கும் என்றார்கள். சாதனையை ஏற்க மறுத்துவிட்டார்கள்.

டியூக் சண்டைக்குப் போகவில்லை. பதிலை நீச்சலிலேயே சொல்ல முடிவு செய்தார். ஹொனலூலு மக்கள் பணம் திரட்டி அவரை அமெரிக்கப் பெருநிலத்துக்கு அனுப்பினார்கள். அங்கேதான் அவர் முதன்முதலில் மூடிய நீச்சல் குளத்தில் இறங்கினார். குளத்து நீர் குளிர்ந்திருந்தது. சுவரை உதைத்துத் திரும்பும் வித்தையும் அவருக்குத் தெரியாது. தொடக்கத்தில் தசை பிடித்துக்கொண்டு தடுமாறினார். ஆனால் சில வாரங்களில் தேறிவிட்டார். ஒலிம்பிக் அணியில் இடம் கிடைத்தது.

எதிரியின் பெருந்தன்மை

1912-ல் சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்தன. 100 மீட்டர் நீச்சலில் டியூக் முதல் சுற்றுகளில் எளிதாக வென்றார்.

பிறகு ஒரு விபரீதம். அரை இறுதிப் பந்தயம் நடக்கும் நேரத்தை அமெரிக்க வீரர்கள் தவறாகப் புரிந்துகொண்டார்கள். பந்தயம் தொடங்கியபோது டியூக்கும் அவருடைய தோழர்களும் அங்கே இல்லை. விதிப்படி அவர்கள் வெளியேற வேண்டியதுதான்.

அப்போது அவர்களுக்காகப் பரிந்து பேசியவர் யார் தெரியுமா? எதிர் அணி வீரர்! ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த செசில் ஹீலி. டியூக் இல்லாவிட்டால் தங்கப் பதக்கம் அநேகமாக ஹீலிக்குத்தான். ஆனாலும், வல்லவரை விலக்கிவிட்டுப் பெறும் வெற்றி வெற்றியல்ல என்று அவர் கருதினார். அமெரிக்கர்களுக்குத் தனியே ஒரு பந்தயம் வைக்க ஏற்பாடு ஆயிற்று. அதில் டியூக் வென்று இறுதிக்கு வந்தார்.

இறுதிப் பந்தயத்தில் டியூக் முதலாவது. 63.4 விநாடி. ஹீலி இரண்டாவது. தொடர் நீச்சலில் டியூக்கின் அணிக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. அதில் தங்கம் வென்ற அணியில் ஹீலி இருந்தார். நன்மை செய்தவருக்கும் ஒரு தங்கம் கிடைத்துவிட்டது!

ஹீலி நீண்ட நாள் வாழவில்லை. முதல் உலகப் போரில் 1918-ல் பிரான்சு நாட்டுப் போர்க்களத்தில் உயிர் துறந்தார்.

தானே செதுக்கிய பலகை

1914-ன் இறுதியில் டியூக் ஆஸ்திரேலியாவுக்கு அழைக்கப்பட்டார். அங்கே நீச்சலில் புதிய உலக சாதனை படைத்தார். ஆனால் அந்த நாட்டு மக்கள் இன்றுவரை மறக்காமல் இருப்பது நீச்சலை அல்ல.

சிட்னி நகருக்கு அருகே பிரெஷ்வாட்டர் என்று ஒரு கடற்கரை. அங்கே நல்ல அலைகள் எழும். டியூக்கின் கைகள் துறுதுறுத்தன. ஆனால் பலகை கொண்டுவரவில்லை. மரக்கடையிலிருந்து பைன் மரம் ஒன்றை வாங்கச் செய்து, தானே செதுக்கிப் பலகை ஆக்கினார்.

கரையில் கூட்டம் கூடி நின்றது. டியூக் பலகையில் படுத்து, கைகளால் நீரைத் தள்ளிக்கொண்டு அலைகளுக்கு அப்பால் போனார். திரும்பி வரும்போது நின்றுகொண்டு வந்தார்! பிறகு 15 வயதுப் பெண் ஒருத்தியைத் தன் முன்னால் நிறுத்தி, இருவருமாக அலையில் வந்தார்கள். ஆஸ்திரேலியாவில் இன்று அலைச் சவாரி பெரிய விளையாட்டு. அதற்கு அன்று டியூக் போட்ட விதையே காரணம். அவர் செதுக்கிய பலகையை பிரெஷ்வாட்டர் மக்கள் இன்றும் பாதுகாத்து வருகிறார்கள்.

ஒரு மைல் சவாரி

அவருடைய புகழ்பெற்ற சவாரி சொந்த ஊரான வைகிகியில் நடந்தது.

வைகிகிக் கடலில் கரைக்கு அருகே சிறிய அலைகள் எழும். புதிதாகக் கற்பவர்கள் அங்கே விளையாடுவார்கள். வெகு தூரம் தள்ளி வெளிப் பார்கள் இருக்கின்றன. சாதாரண நாளில் அங்கே அலை உடைவதே இல்லை. கோடைக் காலத்தில், பல ஆயிரம் மைலுக்குத் தெற்கே புயல் அடித்தால் அதன் அலை கடலைக் கடந்து வரும். அப்போதுதான் வெளிப் பார்கள் விழித்துக்கொள்ளும்.

1917-ல் அப்படி ஒரு நாள் வந்தது. பெரிய அலைகள். பார்த்தவர்கள் 30 அடி உயரம் என்று மதிப்பிட்டார்கள். டியூக் வெளிப் பாருக்குப் போனார்.

இந்தக் காலத்துப் பலகை இலேசானது. அதன் அடியில் மீன் துடுப்புப் போன்ற ஒரு தகடு இருக்கும். அது பலகை வழுக்காமல் காக்கும். பலகையைக் காலோடு கட்டும் கயிறும் உண்டு. 1917-ல் இரண்டும் கிடையாது. அந்தத் தகடு 1935-ல் வந்தது. கயிறு 1970-களில் வந்தது. டியூக்கின் புகழ்பெற்ற பலகைகளில் ஒன்று 16 அடி நீளம், 114 ராத்தல் எடை. அதாவது சுமார் 52 கிலோ. ஒரு மூட்டை நெல்லைப் போன்ற அந்தக் கனத்தைக் காலால் அழுத்தியும், ஒரு பாதத்தை நீரில் இழுத்தும் திருப்ப வேண்டும். விழுந்தால் பலகை போய்விடும். கரைக்கு நீந்தித்தான் வர வேண்டும்.

அலை வந்தது. டியூக் கைகளால் வேகமாகத் துடுப்புப் போட்டார். அலையின் வேகமும் பலகையின் வேகமும் ஒன்றானபோது எழுந்து நின்றார். நேராக இறங்காமல், சரிவில் குறுக்கே சாய்த்து ஓட்டினார். நேராக இறங்கினால் உடையும் அலை தலையில் விழும். குறுக்கே ஓடினால் உடைவதற்கு முன்னால் தப்பிக்கொண்டே வரலாம். ஒரு பாரில் எழுந்த அலை அடங்குவதற்குள் அடுத்த பாரில் அது மறுபடி நிமிரும். அப்படி ஒவ்வொரு பாராகக் கடந்து, ஒரே அலையில் ஒரு மைலுக்கும் அதிகமான தூரம் வந்து கரை சேர்ந்தார்.

அந்தச் சவாரியை அளந்து வைத்தவர் யாரும் இல்லை. பரிசு கொடுத்தவரும் இல்லை. ஆனாலும் ஹவாய் மக்கள் தலைமுறை தலைமுறையாக அதைச் சொல்லி வருகிறார்கள்.

ஒரே பந்தயத்தில் இரண்டு வெற்றி

போர் காரணமாக 1916-ல் ஒலிம்பிக் நடக்கவில்லை. ஒரு வீரனின் நல்ல வயது வீணாயிற்று. 1920-ல் பெல்ஜியம் நாட்டின் ஆன்ட்வெர்ப் நகரில் மறுபடி நடந்தபோது டியூக்குக்கு 30 வயது. நீச்சலுக்கு அது அதிக வயது.

100 மீட்டர் இறுதிப் பந்தயம் அவருடைய பிறந்த நாளன்றே வந்தது. உலக சாதனையோடு வென்றார். முதல் மூன்று இடங்களையும் ஹவாய் வீரர்களே பிடித்தார்கள். ஆனால் ஆஸ்திரேலிய வீரர் ஒருவர், தன்னைப் பக்கத்தில் வந்தவர் இடித்துவிட்டார் என்று புகார் செய்தார். பந்தயத்தை மறுபடி நடத்த உத்தரவாயிற்று. டியூக் முகம் சுளிக்கவில்லை. மறுபடி நீந்தினார். மறுபடி வென்றார்! தொடர் நீச்சலிலும் தங்கம் கிடைத்தது.

1924-ல் பாரிஸ் ஒலிம்பிக். டியூக்குக்கு 34 வயது நிறைய ஒரு மாதமே பாக்கி. இந்தத் தடவை 20 வயது வாலிபர் ஒருவர் அவரை வென்றார். அவர்தான் ஜானி வைஸ்முல்லர். பிற்காலத்தில் சினிமாவில் டார்ஜானாக நடித்துப் புகழ் பெற்றவர். டியூக் இரண்டாவது. மூன்றாவது யார்? டியூக்கின் சொந்தத் தம்பி சாம்! தோற்ற டியூக்கும் வென்றவரும் வாழ்நாள் முழுவதும் நண்பர்களாகவே இருந்தார்கள்.

பதக்கம் வந்தது, பணம் வரவில்லை. அந்தக் காலத்து ஒலிம்பிக் வீரர்கள் விளையாட்டினால் காசு சம்பாதிக்கக் கூடாது. டியூக் ஹாலிவுட் சினிமாவில் சேர்ந்தார். கதாநாயகன் வேடம் கொடுக்கவில்லை. நிறம் தடையாக நின்றது. காட்டுத் தலைவன், கடற்கொள்ளைக்காரன் என்று சிறு வேடங்களே கிடைத்தன. சில உணவு விடுதிகளில் அவருக்குச் சாப்பாடு போடவும் மறுத்தார்கள். உலகமே பாராட்டிய வீரருக்கு இந்த நிலை!

எட்டு உயிர்கள்

1925-ம் ஆண்டு ஜூன் 14-ந் தேதி. கலிபோர்னியாவில் நியூபோர்ட் துறைமுகத்துக்கு அருகே டியூக்கும் நண்பர்களும் கடற்கரையில் தங்கியிருந்தார்கள். அன்று காலை கடல் கொந்தளித்தது. துறைமுக வாயிலில் ஆழம் குறைவு. அங்கே அலைகள் மலை போல உடைந்துகொண்டிருந்தன.

தெல்மா என்ற மீன்பிடிப் படகு அந்த வழியில் சிக்கிக்கொண்டது. அதில் 29 பேர் இருந்தார்கள். ஒரு பெரிய அலை தூக்கி அடித்தது. படகு கவிழ்ந்தது. எல்லாரும் தண்ணீரில் விழுந்தார்கள்.

கரையில் நின்றவர்கள் அலறினார்கள். சாதாரண நீச்சல்காரன் அந்த அலையில் இறங்கினால் தானும் மடிவான். படகு கொண்டுபோகவும் வழியில்லை.

டியூக் பலகையை எடுத்துக்கொண்டு கடலில் பாய்ந்தார். நுரையைக் கிழித்துக்கொண்டு, கவிழ்ந்த படகின் பக்கம் போனார். கைக்கு அகப்பட்டவர்களைப் பலகையின் மேல் இழுத்துப் போட்டார். அலையின் வேகத்திலேயே அவர்களைக் கரைக்குக் கொண்டுவந்தார். இறக்கிவிட்டு மறுபடி போனார். மறுபடி வந்தார். மூன்றாம் முறையும் போனார்.

அவர் மட்டும் காப்பாற்றியவர்கள் 8 பேர். நண்பர்கள் 4 பேரை மீட்டார்கள். மீதி 17 பேர் மாண்டார்கள்.

ஊர் அவரைத் தேடுவதற்குள் அவர் அமைதியாக விலகிப் போய்விட்டார். எப்படிச் செய்தார் என்று கேட்டவர்களுக்கும் அவரால் விளக்கிச் சொல்ல முடியவில்லை. அதன் பிறகு கடற்கரைக் காவலர்கள் உயிர்காக்கும் கருவிகளோடு அலைப் பலகையையும் சேர்த்துக்கொண்டார்கள். அதுவரை விளையாட்டுச் சாமானாக இருந்தது, உயிர்காக்கும் தோணி ஆயிற்று!

அலையின் குணம் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருப்பது எவ்வளவு அவசியம் என்பதற்கு நம் கடலோரத்திலேயே சாட்சி உண்டு. 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில், சுற்றுலா வந்த மருத்துவ மாணவ மாணவிகள் ஐந்து பேரை அலை இழுத்துக்கொண்டு போய்விட்டது. தொலைதூரப் புயலில் பிறந்து, காற்றே இல்லாத நாளிலும் திடீரென்று கரையேறும் அலை அது. மலையாளக் கரையில் அதைக் கள்ளக்கடல் என்பார்கள். வைகிகியின் வெளிப் பாரை விழிக்கச் செய்யும் அலையும் அதே இனம்தான். வல்லவனுக்கு அது விளையாட்டு. அறியாதவனுக்கு அது எமன்.

பெட்ரோல் நிலையமும் பெரும் பதவியும்

வயது ஏறியது. டியூக் ஹொனலூலுவுக்குத் திரும்பினார். பிழைப்புக்கு வழி வேண்டுமே! நகராட்சிக் கட்டடத்தில் வேலை பார்த்தார். பெட்ரோல் நிலையம் நடத்தினார். அரசர்கள் கைகுலுக்கிய வீரர் வண்டிகளுக்குப் பெட்ரோல் ஊற்றினார். அதைப் பற்றி அவர் வெட்கப்படவில்லை.

மக்கள் அவரை மறக்கவில்லை. 1934-ல் ஹொனலூலுவின் ஷெரீப் பதவிக்குத் தேர்தலில் நின்று வென்றார். தொடர்ந்து 13 தடவை வென்றார். அந்தப் பதவியே எடுக்கப்படும் வரை, ஏறக்குறைய 26 ஆண்டுகள் அவரே ஷெரீப்! பிறகு ஹவாய்க்கு வரும் பெரிய மனிதர்களை வரவேற்கும் தூதராக இருந்தார்.

1940-ல் 50 வயதை நெருங்கும்போது திருமணம் செய்துகொண்டார். மனைவி நடீன், நடன ஆசிரியை. குழந்தைகள் இல்லை. கடற்கரையில் அலைச் சவாரி கற்க வந்த சிறுவர்கள் எல்லாரும் அவர்களுக்குப் பிள்ளைகள் போலவே இருந்தார்கள். 1959-ல் ஹவாய் அமெரிக்காவின் 50-வது மாநிலம் ஆயிற்று.

1965-ல் அவர் பெயரால் ஒரு பெரிய அலைச் சவாரிப் போட்டி தொடங்கியது. இடம், அதே தீவின் வடகரையில் உள்ள சன்செட் கடற்கரை. குளிர்காலத்தில் அங்கே பாரின் மேல் எழும் அலை, தேர்ந்த வீரர்களையும் நடுங்க வைக்கும். உலகத்தின் சிறந்த வீரர்களைப் பொறுக்கியெடுத்து அழைத்தார்கள். வெள்ளைத் தலையோடு கரையில் இருந்து டியூக் பார்த்தார். சிறுவயதில் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரே செய்த அலைச் சவாரி, அவர் கண் முன்னாலேயே உலக விளையாட்டு ஆகிவிட்டது.

1968 ஜனவரி 22-ந் தேதி மாரடைப்பினால் டியூக் காலமானார். வயது 77. வைகிகிக் கரையில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். படகுகள் வரிசையாகக் கடலுக்குள் போயின. பாருக்கு அப்பால், அவர் வாழ்நாள் முழுவதும் அலைக்காகக் காத்திருந்த கடலில், அவருடைய அஸ்தியைக் கரைத்தார்கள்.

நிறைவேறிய ஆசை

டியூக்குக்கு ஓர் ஆசை இருந்தது. ஒலிம்பிக் பந்தயங்களில் அலைச் சவாரியையும் சேர்க்க வேண்டும் என்று அவர் நெடுநாள் விரும்பினார். அவர் இருக்கும் வரை நடக்கவில்லை.

அது 2021-ல் நடந்தது. கொள்ளைநோயால் ஓராண்டு தள்ளிப்போன டோக்கியோ ஒலிம்பிக்கில் அலைச் சவாரி முதன்முதலாக இடம்பெற்றது. 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக் நடந்தபோது, இந்த ஒரு போட்டியை மட்டும் பசிபிக் கடலில் உள்ள டஹிட்டித் தீவின் டியஹூப்போ என்ற இடத்தில் வைத்தார்கள். அங்கே கூர்மையான பவளப் பாரின் மேல், ஆழமே இல்லாத நீரில், சுவர் போல அலை எழுந்து விழும். உலகத்தின் ஆபத்தான அலைகளில் ஒன்று அது. டியூக்கின் முன்னோர்கள் பழங்காலத்தில் படகேறி ஹவாய்க்கு வந்தது அந்தத் திசையிலிருந்துதான். விளையாட்டு தன் தாய்வீட்டுக்குத் திரும்பியது போல ஆயிற்று.

தமிழ்நாட்டிலும் இந்த விளையாட்டு வளர்கிறது. சென்னைக்கு அருகே கோவளத்தில் மீனவ இளைஞர்கள் அலைச் சவாரி கற்றுப் பரிசுகள் வாங்குகிறார்கள். 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசியப் போட்டியே நடந்தது.

குமரி மாவட்டத்து மீனவர்களுக்கு அலை புதிதல்ல. நீரோடி முதல் கன்னியாகுமரி வரையிலும் அதற்கு அப்பாலும் உள்ள கடற்கரை ஊர்களில், கட்டுமரத்தின் மேல் நின்று துடுப்புப் போட்டு, அலையின் முதுகில் ஏறிக் கரை சேர்ந்தவர்கள் அவர்களுடைய பாட்டன்மார். இன்று கட்டுமரம் குறைந்து, இயந்திரம் பூட்டிய வள்ளங்கள் வந்துவிட்டன. அலையைப் படிக்கும் கலை மட்டும் அந்தக் குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. பிள்ளைகள் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கேட்காவிட்டால் அது பெரியவர்களோடு போய்விடும்.

ஹவாயில் அப்படிப் போகவிருந்த ஒரு கலையைப் பள்ளிப் படிப்பை முடிக்காத ஒரு போலீஸ்காரர் மகன் காப்பாற்றினார். அதைக் கொண்டு எட்டு உயிர்களையும் காப்பாற்றினார். வைகிகிக் கடற்கரையில் 1990-ல் அவருக்குச் சிலை வைத்தார்கள். இரு கைகளையும் விரித்து நிற்கும் அந்த வெண்கலச் சிலையின் கைகளில், போகிறவர்களும் வருகிறவர்களும் இன்றும் பூமாலை போட்டுவிட்டுப் போகிறார்கள்.